மாயக்கதையும் மெய்யுலகும்: ‘மோமோ’ நாவலை முன்வைத்து ஒரு வாதம்

சிறுவர்க்கான மாயக்கதைகள் பொழுதுபோக்கிற்குரியன, ஆய்விற்குரியன அல்ல என்னும் கருத்து நம் இலக்கிய வட்டாரங்களிற் கேள்வியின்றி நிலவுகின்றது. க. கைலாசபதி 1968இல் ‘தமிழ் நாவல் இலக்கியம்’ என்னும் நூலை வெளியிட்ட காலந்தொட்டு, இலக்கியம் சமுதாய மெய்ம்மையைக் காட்டவேண்டும் என்ற அளவுகோல் ஈழத்து விமர்சனத்தில் வேரூன்றியுள்ளது. அவ்வளவுகோல் நமக்கு வேண்டியதே. ஆயின், அதனைக் கையிலேந்தியோருட் சிலர், மாயம் புகுந்த இடத்தில் மெய்ம்மைக்கு இடமில்லை என்று முடிவுகட்டி விட்டனர். இம்முடிவு தவறானது என்பதே என் வாதம்.

ஜேர்மன் எழுத்தாளர் மிகாயேல் எண்டே 1973இல் வெளியிட்ட ‘மோமோ’ என்னும் நாவலை எடுத்துக்கொள்வோம். பெருநகரொன்றின் ஓரத்தில், இடிந்துபோன பழைய அரங்கில் வாழும் அநாதைச் சிறுமி மோமோ. அவளுக்குத் தன் வயதும் தெரியாது. பிறர் சொல்வதை முழுமனத்துடன் செவிமடுப்பதே அவளது ஆற்றல். அந்நகருக்குள் சாம்பல்நிற மனிதர் நுழைகின்றனர். நேரச் சேமிப்பு வங்கியின் முகவர் எனக் கூறி, மக்களின் வாழ்நாளைக் களவாடி அதைப் புகைத்தே அவர்கள் உயிர்வாழ்கின்றனர்.

அவர்களிடம் முதலில் அகப்படுபவன் ஒரு நாவிதன். அவனது நாற்பத்திரண்டு வயதையும் 132,45,12,000 வினாடிகளாக முகவன் கணக்கிடுகிறான். முதிய தாயோடு பேசியது, நண்பரோடு கூடியது, சன்னலருகே சும்மா இருந்தது யாவும் நட்டக்கணக்கில் எழுதப்படுகின்றன. அன்றுமுதல் நாவிதன் விரைகிறான், எரிந்து விழுகிறான், தாயை முதியோர் இல்லத்தில் விடுகிறான். மிச்சம்பிடித்த நேரமோ அவன் கைக்கு வருவதேயில்லை. உழைப்பவனின் நேரம் பிறர் உடைமையாவதைப் பொருளியல் நூல்கள் பல பக்கங்களில் விளக்குகின்றன. எண்டே அதனைப் பத்து வயதுப் பிள்ளைக்கும் புரியவைக்கிறார். இதையா தப்பியோட்டம் என்பது?

அந்நகரிற் பிள்ளைகளும் தப்பவில்லை. தெருவில் விளையாடியோர் காப்பகங்களில் அடைக்கப்பட்டு, பயன்தரும் விளையாட்டுகளை மட்டும் விளையாடப் பணிக்கப்படுகின்றனர். இப்பகுதியைக் கொச்சிக்கடைவாசி எவரும் மாயக்கதையாக வாசிக்க முடியாது. அந்தோனியார் திருத்தலத்துக்கும் பொன்னம்பலவாணேசர் ஆலயத்துக்கும் இடைப்பட்ட நம் ஒழுங்கைகளிற் பின்னேர விளையாட்டுக் குறைந்துவிட்டது. ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்காக, பாடசாலை விட்ட பிள்ளை ரியூசனுக்குச் செல்கிறது, அங்கிருந்து மாதிரி வினாத்தாளுக்குத் திரும்புகிறது. சனி ஞாயிறும் அப்படியே. பத்து வயதிற் செய்த நேரச்சேமிப்பை எவ்வயதில், எந்த வங்கியில் மீளப்பெறுவது?

‘துறைமுகத் தொழிலாளியின் பிள்ளைக்கு அப்பரீட்சையே ஏணி, விளையாட்டைப் பற்றிக் கவலைப்படுவது வசதியுள்ளவரின் புலம்பல்’ என்பாரும் உளர். இக்கூற்றில் நியாயமுண்டு. ஏணியைப் பறிக்குமாறு நான் கேட்கவில்லை. ஆனால், 1945இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா நிலைநாட்டிய இலவசக் கல்வியின் வாயிலிலேயே கட்டண வகுப்பு அமர்ந்திருக்கும்போது, அவ்வேணியில் முதலில் ஏறுவோர் யாவர்? ஏழைப் பிள்ளை பணத்தையும் இழந்து பொழுதையும் இழக்கிறது. மோமோவும் செல்வச் சிறுமியல்லள். அளவிற் பெரிய ஆண்களின் பழஞ்சட்டையே அவளது உடை. நேரம் தன்னுடையது என்று சொல்லும் உரிமை ஏழைக்கும் உண்டு என்பதே அவள் கதை.

இன்னொன்றையும் நோக்குதல் வேண்டும். நம் நாட்டின் புகழ்பெற்ற சிறுவர் நாவலாகிய மார்ட்டின் விக்கிரமசிங்கவின் ‘மடோல் தூவ’ 1947இல் வெளிவந்தது. அதில் தீவு தேடிச் செல்வோர் இரு சிறுவர்களே. அம்புலிமாமாவில் நம் பெற்றோர் வாசித்த வேதாளத்தைச் சுமந்தவனும் ஓர் அரசனே. எண்டேயோ உலகின் காலத்தையே மீட்கும் பணியை ஒரு சிறுமியிடம் ஒப்படைக்கிறார். காலம் உறைந்து நிற்கும் ஒரு மணிநேரத்தில், கையில் ஒரு மலருடனும் துணைக்கு ஓர் ஆமையுடனும் அவள் தனியே செல்கிறாள். வாளில்லை, மந்திரமில்லை. அஞ்சியபடியே முன்செல்லும் அத்துணிவு, ‘பெண்பிள்ளை அடங்கியிருக்க வேண்டும்’ எனப் போதிக்கும் நீதிக்கதை நூறு சேர்ந்தாலும் தரவியலாத கல்வி.

ஆகவே, மெய்ம்மையை வேண்டும் விமர்சகரிடம் நான் வேண்டுவது இதுவே: ஒரு கதையில் மாயம் உண்டா என்று கேளாதீர், அம்மாயம் எதனைத் தோலுரிக்கிறது என்று கேளுங்கள். நம் பாடத்திட்டத்திற் சிறுவர் நாவலுக்கு இடம் வேண்டும். நம் சங்கப் போட்டிகளில் அதற்கு ஒரு பிரிவு வேண்டும். யாவற்றினும் மேலாக, கொச்சிக்கடை ஒழுங்கையிற் பிறந்த ஒரு சிறுமி, தன் தெருவின் களவுபோன பின்னேரங்களைத் தேடிப் புறப்படும் நாவல் தமிழில் எழுதப்படல் வேண்டும். அதனை எழுதவேண்டியோர் இவ்விதழைக் கையில் வைத்திருக்கும் நாமே.