வீட்டுத் தோட்டமும் ஒரு கிண்ணம் கோசுமல்லியும்

இடைநிலைப் பள்ளியை முடித்து வெளியேறும் ஒவ்வொரு மாணவருக்கும், ஆணானாலும் பெண்ணானாலும், ஓர் உணவையாவது தம் கையால் செய்யத் தெரிந்திருக்க வேண்டும். அந்த முதல் உணவு எது என்று கேட்டால், உடனடி மீ என்று பலர் சொல்லக்கூடும். என் விடை வேறு. வீட்டில் விளைந்த பச்சைக் காய்கறிகளை நறுக்கிக் கலந்து செய்யும் சாலட்தான் அந்த முதல் உணவாக இருக்க வேண்டும். இதற்குப் பெருஞ்செலவு இல்லை. முன்பே சமைத்துப் பழகியிருக்க வேண்டிய தேவையும் இல்லை. ஆயினும், இந்த எளிய உணவு நம் உடல்நலத்தோடும் நம் மண்ணைப் பற்றிய அறிவோடும் நெருங்கிய தொடர்புடையது.

முதலில் உடல்நலத்தைப் பார்ப்போம். ஒரு நாளில் குறைந்தது 400 கிராம் பழங்களையும் காய்கறிகளையும் உண்ண வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நம் நாட்டின் சுகாதார அமைச்சு இதை இன்னும் எளிதாக்கியிருக்கிறது. தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் அல்லது இறைச்சி, மீதி அரைப் பங்கு காய்கறியும் பழமும் என்பதே அதன் அறிவுரை. 'சூக்கு சூக்கு செபாரோ' என்ற அந்த முழக்கத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஆனால், 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு காட்டிய நிலை வேறு. மலேசியப் பெரியவர்களில் ஏறத்தாழ 95 விழுக்காட்டினர் போதிய அளவு பழமும் காய்கறியும் உண்பதில்லை. ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு நோய் இருப்பதையும் அதே ஆய்வு தெரிவித்தது. காய்கறி குறைந்ததால்தான் நீரிழிவு வந்தது என்று சொல்லிவிட முடியாது. அதற்குக் காரணங்கள் பல. எனினும், தட்டின் அரைப் பங்கில் காய்கறிக்கு இடமில்லாமல் போவது நல்ல அறிகுறி அன்று. முழக்கம் நம் காதில் விழுந்துவிட்டது. அந்த அரைப் பங்கை எதைக் கொண்டு, எப்படி நிரப்புவது என்பதைத்தான் நம்மில் பலர் இன்னும் கற்கவில்லை.

சாலட் என்றதும் உணவகங்களில் கிடைக்கும் லெட்டூஸ் கீரையும் அதன்மேல் ஊற்றிய மயோனீஸும்தான் பலர் நினைவுக்கு வருகின்றன. அதனால், அது நமக்குத் தொடர்பில்லாத மேலைநாட்டு உணவு என்று எண்ணிவிடுகிறோம். இந்த எண்ணம் சரியன்று. சோற்றோடு உண்ணும் பச்சைக் காய்கறிகளையும் இலைகளையும் மலாய்க்காரர்கள் 'உலாம்' என்கிறார்கள். கிளந்தானின் நாசி கெராபுவில் பொடியாக நறுக்கிய பச்சிலைகள் இல்லாமல் சுவை இல்லை. பினாங்கில் இந்திய முஸ்லிம்கள் விற்கும் பாசெம்பூரில் வெள்ளரியும் செங்குவாங் கிழங்கும் துருவிச் சேர்க்கப்படுகின்றன. தமிழர்களுக்கோ கோசுமல்லி உண்டு. தமிழ்நாட்டில் வெயில் ஏறத் தொடங்கும் காலத்தில் இராம நவமி வரும். அந்நாளில் நீர்மோருடனும் பானகத்துடனும் கோசுமல்லியைப் படைத்து உண்பது வழக்கம். உடலின் சூட்டைத் தணிக்க நம் முன்னோர் கண்ட கோடைக்காலச் சாலட் அது. ஆண்டு முழுவதும் வெயில் அடிக்கும் நம் நாட்டுக்கு அது இன்னும் பொருத்தமானது அல்லவா?

நம் தோட்டத்தில் எது நன்றாக விளைகிறதோ, அதைக் கொண்டுதான் நம் சாலட்டைச் செய்ய வேண்டும். லெட்டூஸ் குளிர்ச்சியை விரும்பும் பயிர். கேமரன் மலையில் அது செழித்து வளரும். தாழ்நிலத்தின் வெப்பத்திலோ விரைவில் பூத்துக் கசந்துவிடும். அதற்காக வருந்தத் தேவையில்லை. வெள்ளரி, பயற்றங்காய், சிறகவரை, மிளகாய், புதினா, கறிவேப்பிலை, லீமாவ் கஸ்தூரி ஆகியவை நம் வெயிலில் தயக்கமின்றி வளர்கின்றன. வெள்ளரியும் பயற்றங்காயும் விதை ஊன்றிய இரண்டு மாதங்களுக்குள் காய்க்கத் தொடங்கிவிடும். மலாய்க்காரர்கள் பெகாகா என்று உலாமாக உண்ணும் இலையும், நம் பாட்டிமார் துவையல் அரைக்கும் வல்லாரையும் ஒன்றே. ஒரே செடி இரண்டு சமூகங்களின் சமையலறையில் இரண்டு பெயர்களோடு இருக்கிறது. தோட்டம் போடுபவருக்கு இத்தகைய உறவுகள் தானாகவே புலப்படும்.

கடையில் வாங்கினால் போதாதா, ஏன் வளர்க்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். பறித்த பின்னும் காய்கறி சுவாசித்துக்கொண்டே இருக்கிறது, நீரையும் இழக்கிறது. நாள் ஆக ஆக அதன் மொறுமொறுப்பு குறையும்; வைட்டமின் சியும் குறையும். குழம்பில் போடும் காய் சற்று வாடியிருந்தால் மசாலை அதை மறைத்துவிடும். பச்சையாக உண்ணும்போது எதையும் மறைக்க முடியாது. எனவே, சாலட்டின் சுவையில் பாதி, பறித்த நேரத்துக்கும் உண்ணும் நேரத்துக்கும் உள்ள இடைவெளியைப் பொறுத்தது. கொடியிலிருந்து அப்போதே பறித்த வெள்ளரியைக் கடித்தவர்களுக்கு இது நன்கு விளங்கும்.

கோசுமல்லி செய்யும் முறை மிக எளிது. அரைக் கோப்பைப் பாசிப்பருப்பைக் கழுவி ஒரு மணி நேரம் ஊறவைத்து, நீரை வடித்துக்கொள்ளுங்கள். கைகளைக் கழுவிய பின், வெள்ளரிக்காயை ஓடும் நீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவிப் பொடியாக நறுக்குங்கள். இறைச்சி வெட்டிய பலகையையும் கத்தியையும் கழுவாமல் இதற்குப் பயன்படுத்தக் கூடாது. பருப்பு, வெள்ளரி, இரண்டு கரண்டி தேங்காய்த் துருவல், பொடியாக நறுக்கிய ஒரு பச்சை மிளகாய், சிறிது புதினா ஆகியவற்றைக் கலந்து, லீமாவ் கஸ்தூரியைப் பிழிந்துவிடுங்கள். விரும்பினால் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டலாம். உப்பை மட்டும் உண்பதற்குச் சற்று முன்பு சேருங்கள். வெள்ளரிக்காயில் ஏறத்தாழ 95 விழுக்காடு நீர்தான். உப்பை முன்கூட்டியே சேர்த்தால், சவ்வூடுபரவலால் அந்த நீர் வெளியேறிக் காய் துவண்டுவிடும். அறிவியல் பாடத்தில் படித்தது கிண்ணத்திலேயே நடப்பதைக் காணலாம். தேங்காயும் வெறும் சுவைக்காக மட்டும் சேர்க்கப்படுவதில்லை. காய்கறிகளிலும் கீரைகளிலும் உள்ள கரோட்டின் போன்ற சத்துகளை உடல் ஏற்றுக்கொள்ளச் சிறிது கொழுப்பு தேவை. அந்தக் கொழுப்பைத் தேங்காய் தருகிறது.

பச்சைக் காய்கறி சப்பென்று இருக்கும் என்பது பலர் கூறும் குறை. 'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்பது பழமொழி. உப்பு, புளிப்பு, காரம் மூன்றும் அளவோடு சேர்ந்தால் அந்தக் குறை நீங்கும். 'நொறுங்கத் தின்றால் நூறு வயது' என்றும் பெரியோர் கூறுவர். மென்று உண்ண வேண்டிய உணவை நாம் அவசரமாக விழுங்க முடியாது. அதனால் போதும் என்ற நிறைவும் விரைவில் வரும்.

அடுக்குமாடி வீட்டில் நிலம் ஏது என்பது இன்னொரு கேள்வி. இது நியாயமான கேள்விதான். ஆனால், புதினாவின் ஒரு தண்டு ஒரு பூச்சட்டியில் வேர்விட்டுவிடும். மிளகாய்ச் செடிக்கு ஒரு வாளி போதும். வெயில் விழும் பால்கனிக் கம்பியில் வெள்ளரிக் கொடியைப் படரவிடலாம். வெள்ளரியில் ஆண் பூ, பெண் பூ என்று இரு வகை உண்டு. பெண் பூவின் அடியில் சிறு பிஞ்சு தெரியும். உயரமான மாடிக்குத் தேனீக்கள் வராவிட்டால், ஒரு சிறு தூரிகையால் ஆண் பூவின் மகரந்தத்தைப் பெண் பூவில் தடவிவிடலாம். தொட்டிகளில் நீர் தேங்காமல் பார்த்துக்கொள்வதும் நம் கடமை. இல்லையேல் செடியோடு ஏடிஸ் கொசுவையும் வளர்த்தவர்கள் ஆவோம்.

இந்தத் தோட்டம் ஒரு குடும்பத்தின் காய்கறித் தேவை முழுவதையும் நிறைவு செய்யும் என்று நான் கூறவில்லை. நான்கு தொட்டிகளால் அது இயலாது. சந்தைக்குச் செல்வதும் நிற்கப் போவதில்லை. ஆனால், தொட்டியில் செடி வளர்த்தவர் சந்தையில் நிற்கும்போது வாடிய காய் எது, இளங்காய் எது என்று அவருக்குத் தெரியும். பூச்சி அரித்த ஓர் இலைக்காக முழுக் கட்டையும் ஒதுக்கமாட்டார். ஒரு காய் விளைய எத்தனை நாள் நீர் ஊற்ற வேண்டும் என்று அறிந்தவர், தட்டில் அதை மீதம் வைக்கவும் தயங்குவார். விலை கொடுத்து வாங்க முடியாத கல்வி இது.

இந்தக் கல்வி பெண்பிள்ளைகளுக்கு மட்டும் உரியதன்று என்பதையும் வலியுறுத்த விரும்புகிறேன். பசி ஆண், பெண் பார்த்து வருவதில்லை. நாளை படிவம் ஆறு, பல்கலைக்கழகம், வேலை என்று வீட்டைவிட்டுச் செல்லும்போது, ஒவ்வொருவரும் தம் வயிற்றைத் தாமே கவனித்துக்கொள்ள வேண்டியிருக்கும். அப்போது நறுக்கவும் கலக்கவும் அறிந்த கை, பொட்டல உணவை மட்டுமே நம்பி இருக்காது.

ஆகவே, மாணவர்களே, நான்கு வெள்ளரி விதைகளை வாங்கி ஊன்றுங்கள். முதல் காய் முற்றும் முன்பே அதைப் பறித்து, கோசுமல்லி செய்து வீட்டாருக்குப் பரிமாறுங்கள். சுவை எப்படி இருந்தது என்று அவர்களிடம் கேளுங்கள். உப்பு கூடிவிட்டால் அடுத்த முறை குறைத்துக்கொள்ளலாம். கொடியில் இன்னும் காய்கள் இருக்கும்.