வண்டியைத் தாழ்த்தலாமா?

திருமுருகன்பூண்டிச் சிற்பிகள் ஒரு விக்கிரகம் செதுக்கத் தொடங்கினால், முகத்தின் நீளத்தை ஓர் அளவாகக் கொண்டு, அதன்படியே கழுத்து, மார்பு, தொடை, பாதம் அனைத்தையும் நிர்ணயம் செய்வார்கள். 'தாளம்' என்பது அந்த அளவின் பெயர். ஓர் அங்கத்தில் கைவைத்தால் மற்ற அங்கங்கள் பேசாமல் இருக்கமாட்டா. சிற்பம் முழுவதும் கோணிப்போகும். மோட்டார் வண்டிக்கும் இந்தச் சாஸ்திரம் உண்டு என்று சொன்னால் நேயர்கள் நம்புவார்களோ என்னவோ! ஆயினும் உண்மை அதுதான்.

அவினாசியிலிருந்து பூண்டி வழியாகத் திருப்பூர் செல்லும் பாதையில் பனியன் மூட்டைகளைச் சுமந்து ஓடும் வண்டிகளுக்குக் கணக்கில்லை. அவை இக்காலத்து வண்டிகள். ஆனால் யாரோ ஒருவர் வீட்டுக் கொட்டகையில் பாட்டனார் காலத்துச் செவர்லே பிக்-அப் ஒன்று தூசி படிந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் 1928-ல் பம்பாயில் தொழிற்சாலை தொடங்கி, 1954 வரையில் வண்டிகளைப் பூட்டி விற்றுவந்தார்கள். ஆகையால் இது அப்படியொன்றும் அசாத்தியமான கற்பனை அன்று.

அந்த வண்டியைக் கண்டதும் பேரப்பிள்ளைக்கு ஓர் ஆசை பிறக்கிறது. கலிபோர்னியா வாலிபர்கள் பழைய வண்டிகளைத் தரையோடு தரையாகத் தாழ்த்தி ஊர்வலம் விடுவதை அவன் கைபேசியில் பார்த்திருக்கிறான். "நம் வண்டியும் அப்படிப் பதுங்கிய புலியைப்போல் நின்றால் என்ன?" என்கிறான்.

ஆசையில் தவறில்லை, அதை நிறைவேற்றும் வழியில்தான் ஆபத்து இருக்கிறது.

1947 முதல் 1955 வரையில் வந்த அந்த ரகத்துப் பிக்-அப்பின் முன்புறத்தில் குறுக்கே ஒரே நீண்ட இரும்பு ஆக்ஸில் உண்டு. அதன்மேல் இருபுறமும் அடுக்கடுக்கான எஃகுப் பட்டைகள் வண்டியின் பாரத்தைத் தாங்குகின்றன. சக்கரம் இப்படியும் அப்படியும் திரும்புவதற்கு ஆக்ஸிலின் முனைகளில் கிங்பின் இருக்கிறது.

இதைத் தாழ்த்துவதற்கு மிகச் சுலபமான வழி, பட்டையைத் தீயில் காய்ச்சி அதன் வளைவைக் குறைப்பது. வண்டி உடனே தாழும். எஃகின் பதமும் உடனே போய்விடும். பதம் போன பட்டை நாளடைவில் தொய்யும், அல்லது முறியும். இரண்டொரு பட்டைகளை உருவிவிடுவது இன்னொரு வழி. அப்பொழுது பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் ஆக்ஸில் எழும்பிச் சாஸிஸில் மோதும்.

விஷயம் தெரிந்தவர்கள் செய்வது வேறு. நடுப்பாகம் தாழ்ந்து முனைகள் மேலே வளைந்த ஆக்ஸிலைப் பூட்டுவார்கள். பட்டையின் பலம் குறையாமல் வண்டி தாழும். ஆனால் வேலை இத்துடன் முடிந்ததா? இல்லை, இப்பொழுதுதான் ஆரம்பம்! சக்கரத்தின் அச்சு உயர்ந்ததும் அதனுடன் இணைந்த ஸ்டீரிங் கம்பிகளும் உயர்ந்து, அவற்றின் கோணம் மாறிவிடுகிறது. அதைத் திருத்தாவிட்டால், மேட்டிலும் பள்ளத்திலும் ஓட்டுகிறவர் கை அசையாமலே வண்டி ஒரு பக்கம் திரும்பும். ஆகவே ஸ்டீரிங் கைகளையும் அதற்கேற்பத் தாழ்ந்தவையாக மாற்றவேண்டும்.

கிங்பின்னின் தலை சற்றே பின்னோக்கிச் சாய்ந்திருப்பதற்கும் ஒரு காரணம் உண்டு. அந்தச் சாய்வினால்தான் வளைவு தாண்டியதும் சக்கரம் தானாக நேராகிறது. முன்புறம் மட்டும் தாழ்ந்தால் சாய்வு குறையும். வண்டி நேர்ப்பாதையிலேயே அலையும். பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே ஆப்பு வைத்து அதையும் சரிசெய்தாகவேண்டும். திரும்பும்போது டயர் மட்கார்டில் உரசுகிறதா என்றும் பார்க்கவேண்டும். ஒன்றைக் குறைத்ததற்கு எத்தனை வட்டி, பாருங்கள்!

இவ்வளவும் செய்து வீதிக்கு வந்தால் வேகத்தடை காத்திருக்கிறது. இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த முறைப்படி அதன் உயரம் 10 சென்டிமீட்டர். முறைப்படி போடாத மேடுகளோ நம் ஊர்களில் தாராளமாக உண்டு.

அப்புறம் சட்டம். தயாரித்தவர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என்கிறது 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. சுப்ரீம் கோர்ட்டும் 2019 ஜனவரியில் இதையே வலியுறுத்தியது. அனுமதியில்லாத மாறுதல் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறைவாசமோ, இரண்டுமோ விதிக்க அதே வருஷத்துத் திருத்தச் சட்டம் இடம் தருகிறது. 2021-ல் வந்த 'விண்டேஜ்' விதிகளோ, 50 வருஷம் கடந்த சொந்த உபயோக வண்டிகளுக்குத் தனிப் பதிவு அளிக்கின்றன. ஆனால் சாஸிஸிலும் உடலிலும் இஞ்சினிலும் பெரிய மாறுதல் இன்றி, மூல வடிவிலேயே வண்டி இருக்கவேண்டும். தாழ்த்துவதற்காகச் சாஸிஸை வெட்டியவர் அந்தக் கௌரவத்தையும் சேர்த்தே வெட்டிக்கொள்கிறார்.

மூல வடிவத்துக்கு என்ன அழகு என்று கேட்பவர்கள், கோயமுத்தூர் அவினாசி ரோட்டில் 2015-ல் திறக்கப்பட்ட ஜி.டி. கார் காட்சிசாலைக்கு ஒரு முறை போய் வரலாம்.

பேரப்பிள்ளை பணத்தைச் செலவழிக்கத்தான் வேண்டுமென்றால் தேய்ந்த கிங்பின்னை மாற்றட்டும், தளர்ந்த பட்டைகளுக்குப் பதில் நல்ல பட்டைகளைப் போடட்டும், பிரேக்கைப் புதுப்பிக்கட்டும். பாட்டனார் மிடுக்காக நடக்கவேண்டுமானால் அவருடைய முழங்கால் வலியைத் தீர்க்கவேண்டுமே தவிர, காலைக் குறைக்கலாகாது.