ஸ்கேன் பேப்பர்ல காரணம் எழுதியிருக்காது

எங்க ஊர்ல இப்ப ஒரு புது வார்த்தை நல்லாப் புழங்குது. ஃபேட்டி லிவர். பித்தப்பையில கல்லு இருக்கான்னு பார்க்க ஸ்கேன் எடுக்கப் போறவங்க, கல்லு இல்லாட்டியும் இந்த வார்த்தையோட திரும்பி வர்றாங்க. அதை ஊர் அர்த்தம் பண்ணிக்கிற விதம்தான் எனக்குப் பிடிக்கல. ஈரல் கெட்டதுன்னா குடி. அவ்வளவுதான் இவங்களுக்குத் தெரிஞ்ச கணக்கு.

என் சித்திக்கு அறுபது தாண்டியாச்சு. பல வருசமா சர்க்கரை இருக்கு. அவங்க பேப்பர்ல 'கிரேடு 2'. தெருவுல ஒரு மாதிரி சிரிச்சுக் கேட்டாங்கன்னு ரெண்டு மாசம் வெளியவே வரல. எதிர்வீட்டு மாமா, பொழுது சாஞ்சா கடைக்குப் போயே ஆகணும். அவருக்கு 'கிரேடு 1'. "ஒண்ணுதானே மாப்ள, ஊர்ல பாதிப் பேருக்கு இருக்கு"ன்னு தெம்பா திரியறார். சித்திக்கு வந்த வெக்கமும் அர்த்தமில்லாதது, மாமாவோட தெம்பும் அர்த்தமில்லாதது.

ஸ்கேன்ங்கறது சத்தத்தை அனுப்பி எதிரொலியை வாங்கிப் படமாக்குறது. கொழுப்பு சேர்ந்த ஈரல் சத்தத்தை அதிகமா திருப்பி அனுப்பும். அதனால பக்கத்துல இருக்கிற சிறுநீரகத்தைவிட வெளுப்பாத் தெரியும். வெளுப்பு எவ்வளவு, உள்ளே ரத்தக்குழாய் எவ்வளவு மறையுதுன்னு பார்த்துத்தான் ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு போடறாங்க. அந்தக் கொழுப்பு சாராயத்துல வந்ததா, சர்க்கரையில வந்ததான்னு எதிரொலிக்குத் தெரியாது. ஈரல்ல தழும்பு விழ ஆரம்பிச்சிருந்தாலும் தொடக்கத்துல இதுல பிடிபடாமப் போகலாம். அதனால கிரேடு 1-ன்னா ஈரல் நல்லா இருக்குன்னு சர்டிபிகேட் இல்ல.

வரப்புல நின்னு பார்த்தா நெல்லு மஞ்சளாத் தெரியும். தழைச்சத்து குறைஞ்சாலும் மஞ்சள், துத்தநாகம் குறைஞ்சாலும் மஞ்சள், தண்ணி தேங்கினாலும் மஞ்சள், பச்சைத் தத்துப்பூச்சி பரப்புற துங்ரோ நோய்னாலும் மஞ்சள். நிறத்தைப் பார்த்துட்டு யூரியாவை அள்ளி வீசறவனை நாம என்ன சொல்லுவோம்? ஆனா நம்ம ஈரலுக்கு மட்டும் பேப்பரைப் பார்த்ததும் கீழாநெல்லி, இல்லாட்டி மருந்துக்கடையில ஒரு லிவர் டானிக். கீழாநெல்லி என் வரப்புலயும்தான் கிடக்கு. எதுக்குன்னே தெரியாம அரைச்சுக் குடிக்கிறதுல எனக்குச் சம்மதமில்ல.

காரணம் தெரியணும்னா ரத்தப் பரிசோதனை வேணும். ஈரல் என்சைம், சர்க்கரை, கொழுப்பு, அதோட ஹெபடைடிஸ் பி, சி ரெண்டும். தேவைப்பட்டா தழும்பு அளக்க ஃபைப்ரோஸ்கேன். எவ்வளவு குடிக்கிறோம், என்ன மாத்திரை, என்ன நாட்டு மருந்து சாப்பிடறோம்னு டாக்டர்கிட்ட ஒளிக்காமச் சொல்லணும். ஸ்டீராய்டு மாதிரி சில மருந்துகூட ஈரல்ல கொழுப்பைச் சேர்க்கும்.

எல்லாமே கொழுப்பும் இல்ல. சிலர் பேப்பர்ல 'கட்டி'ன்னு இருக்கும், வீடே ஒப்பாரி வைக்கும். ஹிமாஞ்சியோமான்னு ரத்தக்குழாய்க் கட்டி ஒண்ணு இருக்கு, பெரும்பாலும் அது ஒண்ணும் செய்யாது. காய்ச்சலும் வலது விலாவுக்குக் கீழ வலியும் சேர்ந்திருந்தா சீழ்க்கட்டியா இருக்கலாம், அதுக்கு உடனே ஓடணும். ஆடு அறுத்த கழிவை நாய்க்குப் போடற ஊர்கள்ல நாய் மூலமா பரவுற நீர்க்கட்டியும் உண்டு. கறிக்கடைக்காரங்க இதைக் கொஞ்சம் காதுல வாங்கினா நல்லது.

டவுன்ல இருக்கிற நீங்க, கிராமத்துக்காரனுக்கு ஏன் இதெல்லாம் வருதுன்னு கேப்பீங்க. உழவு டிராக்டர்ல, அறுப்பு மெஷின்ல. களத்துமேட்டுக்குப் போறதுக்கும் பைக். நடை போச்சு, தட்டுல இருக்கிற சோறு மட்டும் எங்க அப்பா காலத்து அளவுலயே நிக்குது. உடம்பு எடை கூடியிருக்கிறவங்க அதுல நூத்துக்கு ஏழு பங்கு, பத்து பங்கு குறைச்சாலே ஈரல் கொழுப்பு நல்லாக் குறையுது. சித்தி ராத்திரிச் சோறைப் பாதியாக்கிட்டாங்க. காலையில வாய்க்கால் மதகு வரைக்கும் நடக்கறாங்க, கேக்கறவங்களுக்கு "சர்க்கரையால வந்தது"ன்னு அவங்களே பதில் சொல்றாங்க.

மாமா பேப்பரைச் சாமி படத்துக்குப் பின்னால சொருகி வச்சிருக்கார். ரத்தம் குடுக்க இன்னும் போகல.