வாயிற்படியில் இருவர்

வீட்டுப் பிராணிகளைக் குறித்து இப்பக்கத்தில் ஒரு முறையேனும் எழுத வேண்டுமென வாசக அன்பர் சிலர் நெடுநாளாகக் கேட்டு வந்தனர். ஆடு மாடுகளைப் பற்றி எழுதுவதென்றால் கம்பம் பள்ளத்தாக்கில் நம்மினும் அறிந்தோர் பலர் உளர். நாயைப் பற்றி எழுதவோ நமக்குக் கூச்சம். நம் வீட்டில் நாய்கள் இரண்டு இருக்கின்றன. தம் பிள்ளையைப் பற்றிப் பேசத் தொடங்கிய பெற்றோருக்கு எங்கே நிறுத்துவது என்று தெரிவதில்லை. அக்கூச்சத்தை ஒதுக்கி வைத்துவிட்டு இன்று எழுதக் காரணம், சென்ற நவம்பரில் ஒரே வாரத்திற்குள் நிகழ்ந்த இரண்டு நிகழ்ச்சிகள். அவற்றுக்கு வருமுன் இருவரையும் அறிமுகம் செய்து வைக்கிறோம்.

மூத்தவன் செவலை. கோம்பை இனத்தவன். உத்தமபாளையம் வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்திலுள்ள கோம்பை என்னும் ஊரின் பெயரே இனத்தின் பெயராயிற்று. செம்மண் நிறத்து உடல், கரி பூசினாற் போன்ற வாய், குட்டையான உரோமம், அகன்ற மார்பு. காட்டுப் பன்றி வேட்டைக்கும் தோட்டக் காவலுக்குமென்று தலைமுறை தலைமுறையாக நம் மக்கள் வளர்த்து வந்த இனம் இது. 2005ஆம் ஆண்டு ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை நம் நாட்டு நாயினங்கள் நான்கிற்குத் தபால் தலை வெளியிட்டது. இராஜபாளையத்திற்கு அதில் இடம் கிடைத்தது, கோம்பைக்குக் கிடைக்கவில்லை. இப்பள்ளத்தாக்கில் பிறந்த நமக்கு அதில் சிறு மனத்தாங்கல் உண்டு. பின்னர் 2020 ஆகஸ்டு 30ஆம் நாள் பிரதமர் தமது வானொலி உரையில் இராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை ஆகியவற்றுடன் கோம்பையின் பெயரையும் எடுத்துரைத்தார். எண்பதைக் கடந்த நம் அன்னையார் அன்று செவலையை அருகழைத்து, "உன் பேரை டில்லியில சொல்லிட்டாகடா" என்று கூறி, அரை இட்டிலி கூடுதலாக வைத்தார்.

மலையடிவாரத்தில் ஓடித் திரிய வேண்டிய ஒன்றைத் தேனி நகரத்தில், மூன்று சென்டு வீட்டில் கொண்டு வந்து கட்டியது நம் பிழை என்பதை முதலாண்டிலேயே உணர்ந்தோம். பகலெல்லாம் சங்கிலியில் கிடந்தவன் சிடுமூஞ்சியானான். செய்தித்தாள் போடும் பையன் தெருமுனையிலிருந்தே தாளை வீசி எறிந்துவிட்டுப் போகலானான். கோம்பையிலிருந்து வந்திருந்த உறவினர் ஒருவர், "கட்டிப் போட்ட கோம்பையும் பூட்டிப் போட்ட பிள்ளையும் ஒண்ணு, ரெண்டும் கெட்டுப் போகும்" என்றார். அன்று முதல் காலை ஐந்து மணிக்கு அவனுடன் நாமும் நடக்கிறோம். மருத்துவர் பன்முறை கூறியும் நாம் தொடங்காத நடைப்பயிற்சி அது.

இளையவள் மணி. இவளுக்கு இனமுமில்லை, ஊருமில்லை. 2021ஆம் ஆண்டு கல்லறைத் திருநாளன்று, மந்திரிப்பு முடிந்து மழைத் தூறலில் நாம் திரும்புகையில், கல்லறைத் தோட்டத்து வாயிலிலிருந்து பின்னாலேயே நடந்து வந்துவிட்டாள். விரட்டினால் நிற்பாள், நடந்தால் நடப்பாள். "ஆத்துமாக்கள் அனுப்பி வச்சிருக்கும், விடு" என்றார் அன்னையார். அவர் விளையாட்டாகச் சொன்னாரா, மெய்யாகவே நம்பினாரா என்பது இன்றுவரை நமக்கு விளங்கவில்லை.

நாய்கள் வீட்டிற்குள் வரலாகாது என்பது அன்னையாரின் சட்டம். ஆகவே இருவருக்கும் எல்லை வாயிற்படி. மாலையில் குடும்பச் செபமாலை தொடங்கியதும் இருவரும் படியில் வந்து படுத்துக்கொள்வர். ஐந்து காரண நிகழ்ச்சிகளுக்கும் அசைவதில்லை. மன்றாட்டு மாலை முடிந்து நாம் சிலுவை அடையாளம் வரைந்ததும் மணி எழுந்துவிடுவாள். அடுத்தது சோறு என்பது அவளுக்குத் தெரியும். பக்தி என்று அதனைக் கூறத் துணியோம். ஆயினும் செபம் நடவாத நாளன்று அவ்விருவரும் படியில் அமர்ந்து நம்மையே பார்த்துக்கொண்டிருப்பது, பங்குத் தந்தையின் வீடு சந்திப்பைக் காட்டிலும் நம் வீட்டில் பலன் தந்திருக்கிறது.

2010ஆம் ஆண்டு முடிவில் மீட்டர் பாதையில் நின்றுபோன இரயில், 2022 மே 26ஆம் நாள் அகலப் பாதையில் மீண்டும் தேனிக்கு வந்தது. பதினோரு ஆண்டுகளுக்கு மேல் ஊரில் இல்லாத ஒலி. நம் இருவரும் அதனைப் பிறந்தது முதல் கேட்டதேயில்லை போலும். செவலை காது நிமிர்த்தி நின்று கேட்டான். மணியோ வானத்தை நோக்கி ஊளையிட்டாள். இன்றும் அவ்வாறே. கோவில் மணிக்கும் அதே ஊளைதான்; வேற்றுமை பாராட்டுவதில்லை.

திருமறையில் நாய்க்கு நல்ல பெயர் மிகுதியில்லை. ஆயினும் தோபித்து நூலில் ஒரு நாய் வருகிறது. தோபியா வானதூதருடன் வழி நடக்கையில் அதுவும் உடன் செல்கிறது. திரும்பி வருகையில் அதுவும் பின்னே வருகிறது. அவ்வளவே. ஒரு செயலும் செய்வதில்லை, ஒரு பயனும் கூறப்படவில்லை. அதனை ஏன் எழுதி வைத்தனர் என்று அறிஞர் ஆராய்வர். வீட்டில் நாய் வைத்திருப்போர்க்கு அதில் வியப்பேதுமில்லை. ஆகஸ்டு 16ஆம் நாள் திருநாள் கொண்டாடப்படும் புனித ரோக்கு, கொள்ளை நோயுற்றுக் காட்டில் தனித்துக் கிடந்தபோது நாயொன்று நாள்தோறும் அப்பம் கொண்டு வந்து கொடுத்ததென்பது மரபு. தொன் போஸ்கோவைத் தூரின் நகரத்து இருட்டில் காத்துவந்த சாம்பல் நிற நாயையும் நம் சிறுவர்கள் அறிவர். ஏழை இலாசரின் புண்களை நக்கிய நாய்களோ வேறு வகை. அவற்றிடம் பின்னர் வருகிறோம்.

இனி நவம்பர் வாரம். செவ்வாயன்று இராயப்பன்பட்டி உறவினர் தம் தோட்டத்துப் பன்னீர் திராட்சையை ஒரு கூடை நிறையக் கொண்டு வந்து வைத்தார். 1832இல் பிரெஞ்சுக் குருவானவர் ஒருவரால் தமிழகத்திற்கு வந்ததென்று கூறப்படும் கொடி. 2023இல் கம்பம் பன்னீர் திராட்சை என்று புவிசார் குறியீடும் பெற்றது. பிள்ளைகள் தாம் உண்டதில் பாதியை மணிக்கும் ஊட்டினர். அவள் எதனையும் மறுப்பவள் அல்லள். செவலை முகர்ந்து பார்த்துவிட்டு அகன்றான். அன்று நள்ளிரவில் மணி வாந்தியெடுத்தாள். விடியுமுன் நிற்க இயலாது படுத்துவிட்டாள்.

திராட்சையும் உலர் திராட்சையும் நாய்க்கு நஞ்சு என்பதைத் திராட்சைக்குப் பெயர் பெற்ற பள்ளத்தாக்கில் இத்தனை காலம் வாழ்ந்தும் நாம் அறிந்திருக்கவில்லை. அவை நாயின் சிறுநீரகத்தைத் தாக்குகின்றன. திராட்சையிலுள்ள டார்டாரிக் அமிலமே காரணமாகலாம் என்று 2021 முதல் கால்நடை மருத்துவர்கள் கருதி வருகின்றனர். எவ்வளவு தின்றால் கேடு என்று வரையறுக்க முடியாது. சில நாய்கள் தின்று பிழைத்துக்கொள்ளும், சில சிறிதளவிலேயே மடியும். இதே அமிலம் புளியிலும் உண்டு என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மீந்த புளிக்குழம்பைச் சோற்றில் பிசைந்து நாய்க்கு வைப்பது நம் வீடுகளின் வழக்கம். வெங்காயமும் அதற்கு ஆகாது. தயிர்ச் சோறும் உப்பில்லாத எலும்புச் சாறும் போதும். தின்றதை உடனே கண்டால் வாந்தியெடுக்கச் செய்து காப்பாற்றலாம். அதனையும் மருத்துவரே செய்ய வேண்டும். காலம் தாழ்த்துவதே பெருங்கேடு.

புதன் காலை ஆட்டோவை அழைத்துப் பத்தே நிமிடத்தில் மணியை மருத்துவரிடம் சேர்த்தோம். இரத்தம் சோதிக்கப்பட்டது. அன்றும் மறுநாளும் நரம்பின் வழியே மருந்து நீர் ஏறிற்று. மறுநாள் அதனை வீட்டுத் திண்ணையிலேயே வந்து ஏற்றினார்கள். மூவாயிரத்துச் சொச்சம் செலவு. அதனை நாம் எண்ணிப் பார்க்கவில்லை.

அந்த வியாழன் மாலையில், நம் வீட்டில் பாத்திரம் தேய்த்துத் தரும் சகோதரி வாயிலில் வந்து நின்றார். தம் மகளை, எட்டு வயதுச் சிறுமியை, பள்ளி விட்டு வரும் வழியில் தெருநாய் கெண்டைக் காலில் கடித்துவிட்டதென்றும், ஆகவே மறுநாள் வேலைக்கு வர இயலாதென்றும் கூறினார். நாம் மணிக்கு ஏறிக்கொண்டிருந்த மருந்துப் புட்டியைப் பார்த்தவாறே, "சரியம்மா, பார்த்துக்கொள்ளுங்கள்" என்றோம். அவர் சற்று நேரம் நின்றார், மணியைப் பார்த்தார், பின் போய்விட்டார்.

இரவு செபமாலை முடிந்ததும் அன்னையார் கேட்டார்: "அந்தப் புள்ளைக்கு ஊசி போட்டாகளா?"

நாம் கேட்கவில்லை.

அவ்வாண்டு செப்டம்பர் 28, பொதுக்காலத்தின் 26ஆம் ஞாயிறு. செல்வனும் இலாசரும் உவமை அன்றைய நற்செய்தி. உலக வெறிநோய்த் தடுப்பு நாளும் அதுவே. வெறிநாய்க்கடிக்கு மருந்து கண்ட லூயி பாஸ்டர் 1895இல் மறைந்த நாள். திருப்பலியில் அவ்வுவமையைக் கேட்டு இரு மாதங்கூட ஆகவில்லை. அச்செல்வன் இலாசரை அடித்து விரட்டினான் என்று எங்கும் கூறப்படவில்லை. வாயிலில் இருந்தவனைக் காணவில்லை, அவ்வளவுதான். அந்த வீட்டு வாயிலிலும் நாய்கள் இருந்தன. அவையாவது புண்ணை நக்கின.

வெள்ளியன்று விடிந்ததும் அவர் வீட்டிற்குச் சென்றோம். சிறுமியின் காயத்தில் சுண்ணாம்பும் மிளகாய்ப் பொடியும் அப்பியிருந்தனர். மணிக்கட்டில் மந்திரித்த கயிறு. மருத்துவமனைக்கு ஏன் செல்லவில்லை என்று கேட்டோம். "வயித்தைச் சுத்திப் பதினாலு ஊசி போடுவாகளாம்யா, புள்ள தாங்குமா?" என்றார் தாய். அவருடைய தாத்தா காலத்து அச்சம் அது, பொய்யும் அன்று. 1885 ஜூலையில் பாஸ்டர் ஜோசப் மெய்ஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனுக்கு முதன்முதல் அம்மருந்தைச் செலுத்தினார். 1907 முதல் நம் குன்னூரில் பாஸ்டர் நிலையம் இயங்கி வருகிறது. ஆட்டு மூளையிலிருந்து செய்யப்பட்ட பழைய மருந்தை வயிற்றில் நாள்தோறும் ஏற்ற வேண்டியிருந்தது உண்மையே. 2004ஆம் ஆண்டோடு நம் நாடு அதனைக் கைவிட்டது. இன்று தோள்புறத்தில் சிறு ஊசி; கடித்தபின் முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள். அரசு மருத்துவமனையில் கட்டணமில்லை.

அவ்வீட்டுக் குழாயடியிலேயே சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவினோம். இதனைக் கடித்தவுடனே செய்திருக்க வேண்டும்; காயத்தில் எதனையும் அப்பியிருக்கலாகாது. பின் கானாவிலக்கிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். காயத்தில் இரத்தம் வந்திருந்தமையால் காயத்தைச் சுற்றியே எதிர்ப்புப் புரத மருந்தும் செலுத்தினர். அதில்தான் குழந்தை அழுதது. வெறிநோய்க்குரிய அறிகுறி தோன்றிய பின் அநேகமாக எவரும் பிழைப்பதில்லை. வாரங்கள், சிலவேளை மாதங்கள் கழித்தே அது தோன்றும். கயிறு கட்டிக்கொண்டவர் நலமாயிருப்பதாக எண்ணி இருந்துவிடுவது இதனாலேதான். கடித்த நாயைக் கண்டுபிடிக்க முடியவில்லை. பத்து நாள் உயிரோடும் நலத்தோடும் இருக்கிறதா என்று கவனித்திருக்கலாம். யாருக்கும் சொந்தமில்லாத நாயை யார் கவனிப்பது?

நாய்க்குச் செலவு செய்வது பாவமா என்று கேட்டு வாசகர் ஒருவர் முன்பு எழுதியிருந்தார். அவருக்கு நாம் விடை எழுதாமலே இருந்தோம். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2416 முதல் 2418 வரையுள்ள எண்களில் இதனைத் தொடுகிறது. விலங்குகள் இறைவனின் படைப்புகள். அவற்றிடம் அன்பு காட்டக் கடமைப்பட்டுள்ளோம். வீணே வதைப்பது மனித மாண்புக்கு ஒவ்வாது. மக்களின் துன்பம் துடைக்க முதலில் செல்ல வேண்டிய பணத்தை விலங்குகளுக்குச் செலவிடுவதும் தகாது என்கிறது அதே இடம். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2022 ஜனவரி 5ஆம் நாள் பொதுச் சந்திப்பில், பிள்ளைகளின் இடத்தில் நாயையும் பூனையையும் வைக்கும் இல்லங்களைக் கண்டு வருந்தினார். பிள்ளைகள் வெளிநாடு போய்விட, நாயே துணையாகிவிட்ட முதியோரையும் நம் பங்குகளில் காண்கிறோம். திருத்தந்தை கூறியது அவர்களைக் குறித்தன்று என்றே கொள்கிறோம். மணிக்குச் செலவிட்ட மூவாயிரம் நம்மை உறுத்தவில்லை. சிறுமியின் மருத்துவத்திற்கோ ஒரு காசும் தேவைப்படவில்லை. நம்மிடம் கேட்கப்பட்டது ஒரே ஒரு கேள்விதான். பத்து நிமிடத்தில் ஆட்டோ அழைக்கத் தெரிந்த நாம் அதனைக் கேட்க ஓர் இரவு கடந்தது.

மணி பிழைத்தாள். இருவருக்கும் ஆண்டுதோறும் போடும் வெறிநோய்த் தடுப்பூசி டிசம்பரில் போடப்பட்டது. உங்கள் வீட்டு நாய்க்குப் போட்ட நாளை இன்றே எடுத்துப் பாருங்கள். மூன்று மாதக் குட்டியிலேயே தொடங்க வேண்டும். தெருநாய்களைப் பிடித்துக் கருத்தடை செய்து, தடுப்பூசியிட்டு, அதே தெருவில் விட வேண்டுமென 2023ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. நம் தெருவார் பதினான்கு பேர் கையொப்பமிட்டு நகராட்சிக்கு விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம்.

சிறுமியின் நான்காம் ஊசி திருவருகைக் காலத்து வெள்ளியொன்றில் முடிந்தது. இப்போது அவள் பள்ளி விட்டதும் தாயைத் தேடி நேரே நம் வீட்டிற்கு வருகிறாள். நாய் என்றால் இன்னும் நடுங்குகிறாள். படியில் மணி படுத்திருந்தால் தெருவிலேயே நின்றுவிடுகிறாள். ஆகவே நாலரை மணி முதல் ஆறு மணி வரை இருவரையும் கொல்லையில் கட்டி வைக்கிறோம். செவலை ஒத்துக்கொண்டான். மணி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.