பனிமலைக் கோட்டு பட்டணத்துக்கு வந்தது!

கோட்டின் விலை 300 டாலருக்கு மேல். உள்ளே வாத்தின் மெல்லிய தூவி அடைத்திருக்கிறது. இமயமலை போன்ற பனிமலைகளில் ஏறுகிறவர்கள் குளிரில் விறைத்துச் சாகாமல் இருக்க உண்டான கோட்டு இது.

நியூயார்க் நகரத்து வாலிபர் ஒருவர் இதைப் போட்டுக்கொண்டு எங்கே போகிறார்? மலைக்கா? இல்லை. இரண்டு தெரு தள்ளி இருக்கும் காப்பிக் கடைக்கு!

அவர் காலில் இருப்பது பாறையில் வழுக்காத பூட்ஸ். முதுகில் இருப்பது கூடாரம் சுமக்கும் பை. ஆனால் பைக்குள் கூடாரம் இல்லை. கம்ப்யூட்டரும் பகல் சாப்பாடும் இருக்கின்றன.

லண்டன், பாரிஸ், டோக்கியோ, ஷாங்காய் என்று எந்தப் பெரிய நகரத்துக்குப் போனாலும் இதே காட்சிதான். மலை ஏறுகிறவர்களின் உடை, நகரத்து மோஸ்தர் ஆகிவிட்டது.

இந்த மோஸ்தருக்கு "கோர்ப்கோர்" என்று பெயர். 2017-ல் நியூயார்க் பத்திரிகை ஒன்று சூட்டிய பெயர் அது. மலைக்குப் போகும் அமெரிக்கர்கள், வழியில் கொறிக்க உலர்ந்த திராட்சையும் வேர்க்கடலையும் கலந்து எடுத்துப் போவார்கள். அந்தத் தீனிக்குத்தான் "கோர்ப்" என்று பெயர். ஆகவே, இதை "வேர்க்கடலை மோஸ்தர்" என்று நாம் சொல்லலாம்!

கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால், இந்த மோஸ்தருக்கு உண்மையில் விலை கொடுப்பது யார் என்று பார்த்தால் சிரிப்பு வராது.

கேலிக்கு ஆளான கோட்டு

1922-ம் ஆண்டு. எவரெஸ்டு சிகரத்தில் ஏற இங்கிலாந்திலிருந்து ஒரு குழு வந்தது. குழுவில் ஜார்ஜ் பிஞ்ச் என்று ஒருவர். ரசாயனம் படித்தவர்.

மற்றவர்கள் கம்பளி உடைகளை நம்பி வந்தார்கள். பிஞ்ச் மட்டும் பச்சை நிறத்தில் ஒரு விசித்திரக் கோட்டுடன் வந்தார். பலூன் செய்யும் துணியில் தைத்து, உள்ளே வாத்துத் தூவி அடைத்த கோட்டு. கூட வந்தவர்கள் கேலி செய்தார்கள். மேலே ஏற ஏறக் குளிர் எலும்பைத் துளைத்தது. கேலி நின்றது. பொறாமை வந்தது!

தூவி என்றால் என்ன? வாத்தின் நெஞ்சிலும் வயிற்றிலும், பெரிய இறகுகளுக்கு அடியில், பஞ்சு போல் மெல்லிய இறகு இருக்கும். அதுதான் தூவி. இலவம் பஞ்சு மெத்தைக்குள் காற்று தங்குவது போல, தூவிக்குள்ளும் காற்று தங்கும். தங்கிய காற்று உடம்பின் சூட்டை எளிதில் வெளியே விடாது. கோட்டின் எடையோ மிகக் குறைவு.

அமெரிக்காவில் எடி பாயர் என்ற கடைக்காரர் மீன் பிடிக்கப் போன இடத்தில் குளிரில் விறைத்துச் சாகும் நிலைக்கு வந்தார். பிழைத்து வந்தவர், 1936-ல் இதே முறையில் ஒரு கோட்டு செய்தார். தூவி ஓர் இடத்தில் குவிந்துவிடாமல் இருக்கக் கட்டம் கட்டமாகத் தையல் போட்டார். 1940-ல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார்.

ஆக, இந்தக் கோட்டு அலங்காரத்துக்காகப் பிறக்கவில்லை. உயிரைக் காக்கப் பிறந்தது. கிழியக் கூடாது, கனக்கக் கூடாது, பல வருஷம் உழைக்க வேண்டும். அதைச் செய்தவர்களின் கவலை எல்லாம் அவ்வளவுதான்.

இரண்டு நண்பர்கள்

இன்று உலகம் முழுவதும் பெயர் பெற்ற மலை உடைக் கம்பெனிகள் இரண்டு. ஒன்று "நார்த் பேஸ்". மற்றொன்று "படகோனியா". இரண்டையும் தொடங்கியவர்கள் மலை ஏறுகிறவர்கள். ஒருவருக்கொருவர் நண்பர்கள்.

முதலாமவர் டக் டாம்ப்கின்ஸ். அவரும் அவர் மனைவி சூசியும் 1966-ல் சான்பிரான்சிஸ்கோ நகரில் ஒரு சிறு கடை திறந்தார்கள். "நார்த் பேஸ்" என்றால் "வடக்கு முகம்". நம் பூமியின் வடபாதியில், மலையின் வடக்குப் பக்கம்தான் வெயில் குறைந்தது, பனி மிகுந்தது, ஏறுவதற்குக் கடினமானது. அதனால் அந்தப் பெயர். இரண்டே ஆண்டில் டாம்ப்கின்ஸ் கடையை 50,000 டாலருக்கு விற்றுவிட்டார்.

இரண்டாமவர் ஈவோன் ஷுனார். 1957-ல் பழைய இரும்புக் கடையில் ஓர் உலையை வாங்கித் தானாகவே கொல்லன் வேலை கற்றுக்கொண்டவர். பாறை வெடிப்பில் அடித்து, கயிறு கட்டி ஏறுவதற்கான இரும்பு முளைகளைச் செய்தார். காரில் வைத்துக்கொண்டு முளை ஒன்று ஒன்றரை டாலருக்கு விற்றார்.

1968-ல் இருவரும் வேறு சில நண்பர்களும் ஒரு வண்டியில் கலிபோர்னியாவிலிருந்து தென் அமெரிக்காவின் கோடிக்கே போனார்கள். படகோனியா என்ற பிரதேசத்தில், பிட்ஸ் ராய் சிகரத்தில் ஏறினார்கள். ஷுனார் 1973-ல் தொடங்கிய துணிக் கம்பெனிக்கு அந்தப் பிரதேசத்தின் பெயரையே வைத்தார். அந்த மலைதான் கம்பெனியின் சின்னம்.

இதற்கு முன்பே ஒரு விஷயம் ஷுனாரின் மனத்தை உறுத்தியது. அவர் விற்ற முளைகளை ஆயிரக்கணக்கானவர்கள் அடித்து அடித்துப் பிடுங்கியதால் பாறைகள் சிதைந்தன. முளைதான் அவருடைய முக்கியமான சரக்கு. ஆயினும், 1972-ல் "முளை வேண்டாம், பாறையைக் கெடுக்காத அலுமினிய ஆப்பை வெடிப்பில் செருகுங்கள்" என்று தன் விலைப் பட்டியலிலேயே சொன்னார்!

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதே சங்கடம் பின்னால் கோட்டு வடிவத்தில் வந்தது.

தெருவுக்கு வந்தது எப்படி?

மலைக் கோட்டை முதலில் மோஸ்தர் ஆக்கியவர்களில் இத்தாலியின் மிலான் நகரத்து வாலிபர்கள் முக்கியமானவர்கள். 1980-க்குப் பிறகு, பணக்கார வீட்டுப் பிள்ளைகள் "மாங்க்ளர்" கோட்டு அணிந்து, சாண்ட்விச் கடை வாசலில் கூட்டமாக நின்றார்கள். மாங்க்ளர் சாதாரணக் கம்பெனி அல்ல. 1954-ல் கே-2 சிகரத்தை முதன்முதலில் வென்ற இத்தாலியக் குழுவுக்குக் கோட்டு கொடுத்த கம்பெனி!

அடுத்து நியூயார்க். 1992-ல் நார்த் பேஸ் கம்பெனி "நுப்ட்சே" என்ற தூவிக் கோட்டை வெளியிட்டது. நுப்ட்சே என்பது எவரெஸ்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சிகரம். உயரம் 7,861 மீட்டர். அந்தப் பெயர் கொண்ட கோட்டை, ராப் பாட்டுக் கேட்கும் நியூயார்க் வாலிபர்கள் ஆசையோடு வாங்கினார்கள்.

ஏன்? அந்த ஊரில் குளிர்காலம் கடுமையானது. தெருவில் நெடுநேரம் நிற்க நல்ல கோட்டு வேண்டும். அத்துடன், விலை அதிகம். போட்டிருப்பவருக்கு மதிப்பு!

கம்பெனிகளின் கணக்கையும் பார்க்க வேண்டும். உலகத்தில் பனிமலை ஏறுகிறவர்கள் எத்தனை பேர்? கொஞ்சம்தான். அவர்களும் ஒரு கோட்டை வாங்கினால் பத்து வருஷம் போடுவார்கள். நகரத்தில் இருப்பவர்களோ கோடிக்கணக்கானவர்கள். மோஸ்தர் மாறினால் அவர்கள் அடுத்த வருஷமும் வாங்குவார்கள்.

நார்த் பேஸ் 1993-ல் திவால் கோர்ட்டு வரை போனது. 2000-ல் வி.எப். என்ற பெரிய ஆடைக் கம்பெனி அதை வாங்கியது. 2007-ல் "சுப்ரீம்" என்ற நாகரிக உடைக் கம்பெனியுடனும், 2021-ல் "கூச்சி" என்ற இத்தாலிய ஆடம்பரக் கம்பெனியுடனும் கூட்டுச் சேர்ந்து நார்த் பேஸ் உடைகள் வெளியிட்டது. ஒரு காலத்தில் 50,000 டாலருக்குக் கைமாறிய கடை, இன்று ஆண்டுக்கு 300 கோடி டாலருக்கு மேல் வியாபாரம் செய்கிறது.

"இதை வாங்காதீர்கள்!"

2011 நவம்பர் 25. அமெரிக்காவில் ஆண்டிலேயே அதிகமாகக் கடைகளில் கூட்டம் மோதும் நாள். அன்று "நியூயார்க் டைம்ஸ்" பத்திரிகையில் படகோனியா கம்பெனி ஒரு முழுப்பக்க விளம்பரம் போட்டது. அதில் கோட்டின் படம். தலைப்பு: "இந்தக் கோட்டை வாங்காதீர்கள்!"

என்ன காரணம்? கம்பெனியே கணக்குச் சொன்னது. ஒரு கோட்டு செய்ய 135 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. ஆளுக்குத் தினம் மூன்று டம்ளர் வீதம், 45 பேர் குடிக்கும் தண்ணீர் அது. கோட்டின் எடையைப் போல் 24 மடங்கு கரியமில வாயு காற்றில் சேர்கிறது. ஆகவே, தேவை இல்லாவிட்டால் வாங்க வேண்டாம். இருப்பதைத் தைத்துப் போடுங்கள் என்றது விளம்பரம்.

பலன்? விற்பனை குறையவில்லை. அடுத்த ஆண்டு கூடியது! "இவ்வளவு நேர்மையான கம்பெனியா!" என்று ஜனங்கள் மேலும் வாங்கினார்கள். மோஸ்தரின் பலம் அவ்வளவு பெரியது. வேண்டாம் என்று சொல்வதையே அது விளம்பரமாக மாற்றிவிடுகிறது.

எவரெஸ்டில் நூல் பிசிறு

மலை உடைகளில் தூவிக் கோட்டு ஒரு வகை. "பிளீஸ்" என்பது மற்றொரு வகை. பார்க்க ஆட்டு ரோமம் போல் இருக்கும். ஆனால் அது பாலியெஸ்டர். அதாவது பிளாஸ்டிக் நூல். துவைக்கும் போதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத பிசிறுகள் உதிரும். ஒரு கோட்டை ஒரு தடவை துவைத்தால் சராசரி 1.7 கிராம் பிசிறு உதிர்வதாக 2016-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். அந்தப் பிசிறு சாக்கடை வழியாக ஆற்றுக்கும் கடலுக்கும் போகிறது.

மலைக்கும் போகிறதா? போகிறது. எவரெஸ்டில் எடுத்த பனியை ஆராய்ந்து 2020-ல் விஞ்ஞானிகள் முடிவை வெளியிட்டார்கள். 8,440 மீட்டர் உயரத்தில், உச்சிக்குச் சற்றுக் கீழே எடுத்த பனியிலும் பிளாஸ்டிக் துகள்கள் இருந்தன. அவற்றில் மிகுதியானது பாலியெஸ்டர் பிசிறு. மலை ஏறுகிறவர்களின் உடைகளிலிருந்து வந்திருக்கலாம் என்பது அவர்கள் கருத்து.

மழைக் கோட்டிலும் ஒரு சிக்கல் உண்டு. தண்ணீர் ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டு ஓடுவதற்காக ஒரு வகை ரசாயனம் பூசுவார்கள். அது மண்ணிலும் நீரிலும் எளிதில் அழியாது. 2025 ஜனவரி முதல் தேதியிலிருந்து கலிபோர்னியாவிலும் நியூயார்க் மாநிலத்திலும் புதுத் துணிகளில் அதைச் சேர்க்கத் தடை வந்தது. ஆனால், கொட்டும் மழையில் நெடுநேரம் நிற்கும் மலைக்காரர்களின் உடைக்கு மட்டும் 2028 வரை தவணை கொடுத்தார்கள். "மலையில் இருப்பவனுக்கு அவசியம்; தெருவில் நடப்பவனுக்கு அநாவசியம்" என்று சட்டமே பிரித்துப் பார்த்தது!

மலையில் வாணவேடிக்கை

மோஸ்தரின் ஆசை எதுவரை போகும் என்பதை 2025 செப்டம்பரில் உலகம் பார்த்தது. "ஆர்க்டெரிக்ஸ்" என்பது கனடாவில் மலை ஏறுகிறவர்கள் 1989-ல் தொடங்கிய கம்பெனி. அதன் கோட்டுக்குச் சீனாவின் பெரிய நகரங்களில் நல்ல கிராக்கி. இந்தக் கம்பெனி, திபெத்தில் இமயமலைச் சரிவில் பெரிய வாணவேடிக்கை நடத்தியது. மலை முகட்டில் பாம்பு போல் நெளிந்து ஓடும் டிராகன் வடிவத்தில் வண்ணப் புகை!

ஜனங்கள் கொதித்தார்கள். "மலையைக் காட்டி வியாபாரம் செய்கிறவர்களே மலையைக் கெடுப்பதா?" என்று கேட்டார்கள். கம்பெனி மன்னிப்புக் கேட்டது. வேடிக்கையை அமைத்த புகழ்பெற்ற சீனக் கலைஞரும் மன்னிப்புக் கேட்டார்.

நண்பர்கள் செய்த முடிவு

டாம்ப்கின்ஸ் பின்னாளில் ஆடை வியாபாரத்தையே விட்டார். தென் அமெரிக்காவில் காடும் மலையும் வாங்கினார். தனக்கு அல்ல, காப்பாற்றுவதற்காக. 2015-ல் சிலி நாட்டு ஏரி ஒன்றில் படகு கவிழ்ந்து, குளிரில் விறைத்து இறந்தார். 2018-ல் அவருடைய இரண்டாவது மனைவி கிரிஸ், சுமார் 10 லட்சம் ஏக்கர் நிலத்தைத் தேசியப் பூங்காக்களுக்காகச் சிலி நாட்டுக்குக் கொடுத்தார்.

ஷுனார் 2022-ல் தன் கம்பெனியையே கொடுத்துவிட்டார். மதிப்பு சுமார் 300 கோடி டாலர். லாபத்தில் தொழிலுக்குப் போக மிச்சம், இயற்கையைக் காப்பதற்குப் போகும்படி ஏற்பாடு செய்தார். கிழிந்த கோட்டுகளைத் தைத்துக் கொடுக்க ரீனோ நகரில் அந்தக் கம்பெனி பெரிய பட்டறையே நடத்துகிறது.

இவை நல்ல காரியங்கள். ஆயினும், அடுத்த வருஷம் புது நிறத்தில் கோட்டு வராமல் இருக்குமா? வரும். வாங்குகிறவர் இருக்கும் வரை வரும்.

கோட்டின் மேல் குற்றம் இல்லை. குளிர் நாட்டில் ஒரு தாய் தன் பிள்ளைக்குக் கதகதப்பான கோட்டு வாங்குவதில் என்ன தவறு? அண்ணன் போட்டதைத் தம்பியும் போடும்படி அது பத்து வருஷம் உழைக்கும். அதற்காகத்தான் அதைச் செய்தார்கள்.

மோஸ்தருக்கோ நீண்ட ஆயுள் ஆகாது. நேற்று வாங்கியது இன்று பழசாகத் தோன்ற வேண்டும். அப்போதுதான் கல்லாப் பெட்டி நிறையும். உழைப்பதற்காகச் செய்த பொருளை, ஒரே வருஷத்தில் மூலையில் போடுவதற்காக வாங்கினால், நஷ்டம் நம் பணத்தோடு போகவில்லை. தண்ணீரும் காற்றும் மலைப் பனியும் அந்தக் கடனைச் சுமக்கின்றன.

எந்த ஊர்க் கடையில், எந்தத் துணி வாங்கினாலும் கேட்க வேண்டிய கேள்வி இரண்டு. "இது எதற்கு? எத்தனை வருஷத்துக்கு?" இரண்டுக்கும் பதில் தெரிந்தால் வாங்கலாம். தெரியாவிட்டால், வீட்டில் இருக்கும் பழையதை எடுத்து, அறுந்த பொத்தானைத் தைத்துப் போட்டுக்கொள்ளலாம்.