பார்க்கிங் பிரேக் லைட் எரியுதா? மோட்டாரை மாத்துறதுக்கு முன்னாடி பேட்டரியைப் பாருங்க!

க்ரெட்டா, செல்டோஸ் போன்ற கார்களின் டாப் மாடல்களில் இப்போது ஹேண்ட்பிரேக்குக்குப் பதில் ஒரு பட்டன்தான். அதை இயக்கினால், பின்சக்கரத்தில் இருக்கும் குட்டி மோட்டார் பிரேக் பேடை டிஸ்க்கோடு சேர்த்து இறுக்கும். வசதிதான். ஆனால், டேஷ்போர்டில் மஞ்சள் லைட் எரிந்தால் சர்வீஸ் சென்டர் சொல்வதுதான் வேதவாக்கு!

சிவப்பு லைட் என்றால் பெரும்பாலும் பிரேக் போட்டிருக்கிறது என்று அர்த்தம். ரிலீஸ் செய்தும் அணையவில்லையா? பிரேக் ஆயில் குறைந்திருக்கலாம், வண்டியை எடுக்காதீங்க. மஞ்சள் என்றால் சிஸ்டத்தில் கோளாறு.

'மோட்டார் போச்சு சார், மாத்தணும்' என்றதும் தலையாட்டிவிடக் கூடாது. 'பேட்டரி வோல்டேஜ் எவ்வளவு?' என்று கேளுங்க. மோட்டார் இறுக்க நிறைய கரன்ட் வேண்டும். வோல்டேஜ் இறங்கினாலே காரின் கம்ப்யூட்டர் அதைக் கோளாறு என்று பதிவு செய்துவிடலாம். இன்ஜின் ஆஃபில், முழு சார்ஜில் உள்ள நல்ல பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12-க்கும் கீழே என்றால் முதல் சந்தேகம் அங்கேதான். பல நாள் நிறுத்திவைத்த வண்டி என்றால் கேட்கவே வேண்டாம்.

ஸ்கேனரை மாட்டி எரர் கோடை அழித்துத் தருவது ரிப்பேரே இல்லை. லைட் அணையும், காரணம் அப்படியே இருக்கும்.

பின் பிரேக் பேட் மாற்றிய கையோடு லைட் வந்ததா? சர்வீஸ் மோடுக்கு மாற்றாமலே பிஸ்டனை அழுத்தியிருக்கலாம். அதில் மோட்டார் கெட்டிருந்தால், அந்த பில்லை நீங்கள் ஏன் கட்டணும்?

காரணம் தெரியும்வரை சரிவில் பார்க் பண்ணாதீங்க. வேறு வழியில்லை என்றால் ஆட்டோமேட்டிக்கை 'பி'-யில், மேனுவலை கியரில் விட்டு, டயருக்கு ஒரு கல்லும் வைங்க. லாரி டிரைவர்கள் இதைத்தான் செய்கிறார்கள்.