முன்பணமும் விலங்கும்



"இருபதாயிரம் கொடுத்துக் கூட்டி வந்தேன், கழியும்வரை எப்படிப் போவாய்?" என்று கேட்கும் மேஸ்திரிகள் டில்லியில் இன்றும் உண்டு. "வாங்கிய கடனை உழைத்துக் கழிப்பதுதானே நியாயம்" என்று நம் ஆட்களிலேயே சிலர் அவர்களுக்குப் பரிந்து பேசுகிறார்கள். இந்தப் பேச்சுக்கு சுப்ரீம் கோர்ட்டு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே பதில் சொல்லிவிட்டது.

1982 ஆசிய விளையாட்டுக்காக இதே டில்லியில் ஸ்டேடியங்களும் மேம்பாலங்களும் எழுந்தன. அன்று குறைந்தபட்ச தினக்கூலி 9 ரூபாய் 25 காசு. அதில் தலைக்கு ஒரு ரூபாயை ஜமேதார் பிடித்துக்கொண்டான். நம் ஊர்க் கங்காணியேதான், பெயர்தான் வேறு! ஜனநாயக உரிமைகளுக்கான மக்கள் சங்கம் நீதிபதி பகவதிக்கு ஒரு கடிதம் எழுதியது. கடிதமே வழக்காயிற்று. "அவர்கள் காண்டிராக்டரின் ஆட்கள்" என்று சர்க்கார் கைகழுவப் பார்த்தது. கோர்ட்டு விடவில்லை. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே ஒருவன் உழைக்கிறான் என்றால் பசிதான் அவனைத் தள்ளியிருக்கிறது, அதுவும் கட்டாய உழைப்பே, அரசியல் சட்டத்தின் 23-வது பிரிவுக்கு விரோதம் என்று 1982 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. சவுக்கும் சங்கிலியும் இருந்தால்தான் அடிமை என்பதில்லை.

அடுத்தது டில்லியை ஒட்டிய பரீதாபாத் கல் குவாரிகள். 1976-லேயே கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் அங்கே மக்கள் அழுக்கு ஓடைநீரைக் குடித்துக்கொண்டு, வெளியேற வழியின்றிக் கிடந்தார்கள். பந்துவா முக்தி மோர்ச்சா வழக்குக்குப் போனது. ஹரியானா அரசின் வாதத்தைக் கேளுங்கள்: கட்டாய உழைப்பாக இருக்கலாம், ஆனால் முன்பணம் வாங்கியதைத் தொழிலாளி நிரூபிக்காதவரை அவன் கொத்தடிமை அல்லவாம்! எழுதப் படிக்கத் தெரியாதவன் எந்த நோட்டைக் காட்டுவான்? நோட்டு முதலாளியின் பெட்டியில் அல்லவா இருக்கிறது! கட்டாய உழைப்பு என்று தெரிந்தாலே முன்பணத்துக்காகத்தான் என்று கொள்ள வேண்டும், இல்லையென்று காட்டுவது முதலாளியின் வேலை என்று 1983 டிசம்பரில் கோர்ட்டு அந்த வாதத்தைத் தள்ளியது.

தீர்ப்போடு எல்லாம் தீர்ந்ததா? 1772-ல் லண்டன் கோர்ட்டு ஜேம்ஸ் சாமர்செட் என்ற அடிமையை விடுவித்தது. பிரிட்டிஷ் காலனிகளில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833-ல்தான் வந்தது. தமிழ்நாட்டுக் கொத்தடிமைகளைப் பற்றி 1985-ல் போட்ட வழக்கில், பத்து லட்சத்துக்கு மேல் இருக்கிறார்கள் என்று கோர்ட்டு அமைத்த குழு 1995-ல் அறிக்கை தந்தது. வழக்கு முடிந்தது 2012-ல்!

மேஸ்திரி நோட்டை நீட்டினால் சொல்லுங்கள்: 1976 சட்டப்படி கொத்தடிமைக் கடன் செல்லாது. மாவட்ட மாஜிஸ்திரேட்டிடம் மனுக் கொடுங்கள். அவர் ஆபீசில் "கடன் வாங்கியதற்கு அத்தாட்சி எங்கே?" என்று உங்களையே கேட்டால், பரீதாபாத் தீர்ப்பைச் சொல்லுங்கள். மனு எழுத ஆள் இல்லையா? சங்கத்துக்கு வாருங்கள், எழுதித் தருகிறோம்.